அக்கி ஆறிவிட்டது, அம்மாவின் வலி ஆறவில்லை
வணக்கம். அம்மாவுக்கு வயது 67. நான்கு மாதங்களுக்கு முன் முதுகிலிருந்து இடப்பக்க விலா வரை பட்டையாக அக்கி வந்தது. ஊர் வழக்கப்படி காவி பூசி அக்கி எழுதினோம். மருத்துவரிடம் போனபோது ஐந்து நாள் ஆகிவிட்டது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவதே நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தாமதம் இன்னும் மனதை அறுக்கிறது.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான் நரம்பு வேரில் இத்தனை ஆண்டுகள் உறங்கிக் கிடந்து விழித்திருக்கிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் ரவிக்கை உரசினாலே நெருப்புப் பட்டதுபோல் துடிக்கிறார். நரம்பு வலிக்கான பிரிகாபலின் மருந்தைச் சாப்பிட்டால் தலைசுற்றுகிறது.

இந்த நரம்பு வலியைக் கடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: எத்தனை மாதத்தில் குறைந்தது? தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஒட்டுப்பட்டை உதவியதா? இரவில் எப்படித் தூங்கினீர்கள்?