புழுக் குவியல் கணக்கு (கோட்ஃபோர்சஸ் 474பி): டைம் லிமிட் தாண்டுது, எங்க தப்பு?

கத்துக்குட்டி_23:
வணக்கம், சி பிளஸ் பிளஸ் கத்துக்க ஆரம்பிச்சு மூணு மாசம்தான் ஆகுது, கோட்ஃபோர்சஸ்ங்கற கோடிங் போட்டி சைட்ல இந்தக் கணக்கப் போட்டுப் பாக்குறேன். புழுங்க குவியல் குவியலா இருக்கு, சாம்பிள்ல 2, 7, 3, 4, 9ன்னு அஞ்சு குவியல், எல்லாப் புழுவுக்கும் 1ல இருந்து வரிசையா நம்பர் போட்டிருக்கு. நம்பர் குடுத்தா அது எந்தக் குவியல்னு சொல்லணும். 1, 25, 11 கேட்டா 1, 5, 3 வரணும். நான் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் குவியல்ல இருந்து கழிச்சுக்கிட்டே போறேன், சாம்பிள் சரியா வருது, சப்மிட் பண்ணா டைம் லிமிட்னு (குடுத்த நேரத்துக்குள்ள ஓடி முடிக்கலன்னு) அடிச்சிடுது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சுப் பாத்தும் புடிபடல.

செல்வி_கோட்:
தம்பி, உங்க லாஜிக் சரிதான், வேகம்தான் பத்தல. குவியல் ஒரு லட்சம் வரைக்கும் வரலாம், கேள்வியும் ஒரு லட்சம், எல்லாக் கேள்வியும் கடைசிக் குவியலப் பத்தியே வந்தா லூப் 1000 கோடி தடவை ஓடணும், குடுத்திருக்கறதோ 1 செகண்டு. மளிகைக் கடை நோட்டுல வரிக்கு வரி அதுவரைக்கும் உள்ள மொத்தத்த எழுதி வெப்பாங்கல்ல, அதே மாதிரி ஒரு தடவ கூட்டி வெச்சுக்கோங்க: 2, 9, 12, 16, 25. இது ஏறுவரிசைலதான இருக்கு, அதனால பைனரி சர்ச் (நடுவுல பாத்து, வேண்டாத பாதியத் தள்ளிக்கிட்டே தேடறது) போடலாம், ஒரு கேள்விக்கு 17 தடவ பாத்தாலே போதும்.

கத்துக்குட்டி_23:
ரொம்ப நன்றி அக்கா, வேகமா ஓடுது! ஆனா பைனரி சர்ச்சுக்கு சி பிளஸ் பிளஸ்லயே இருக்கற அப்பர்_பவுண்ட் ஃபங்ஷன் போட்டேன், 25க்கு 6ன்னு வருது, ஆறாவது குவியலே கெடையாதே?

பழைய_லூப்:
அப்பர்_பவுண்ட் கேட்ட நம்பரை விடப் பெருசா இருக்கற முதல் எடத்தத் தேடும், 25ஐ விடப் பெருசு எதுவும் இல்ல, அதான் வெளிய போய் நிக்குது. லோயர்_பவுண்ட் போடுங்க, அது சமமா இருந்தாலும் நின்னுடும். சாம்பிள்ல இல்லாத 9ஐ பேப்பர்ல போட்டுப் பாருங்க: ரெண்டாவது குவியல்ல 3ல இருந்து 9 வரைக்கும் இருக்கு, 9 அதோட கடைசிப் புழு, லோயர்_பவுண்ட் 9லயே நிக்கும், அப்பர்_பவுண்ட் 12க்குத் தாவி மூணுன்னு சொல்லும். இந்த மாதிரிக் கணக்குல எனக்குத் தப்பு வந்ததெல்லாம் ஓரத்துலதான், அதனால குவியலோட முதல் புழு, கடைசிப் புழு ரெண்டையும் கையால போட்டுப் பாக்காம சப்மிட்டே பண்ணாதீங்க. பைத்தான்னா இதே வேலைக்கு பைசெக்ட்_லெஃப்ட். ரெண்டுலயும் வர்ற எடத்தோட 1 கூட்டணும், எண்ணிக்கை 0ல ஆரம்பிக்குது.

செல்வி_கோட்:
இன்னொன்னு, இதுல மொத்தப் புழு 10 லட்சத்தத் தாண்டாதுன்னு குடுத்திருக்காங்க, அதனால புழு நம்பரையே இண்டெக்ஸா (எட நம்பரா) வெச்சு ஒரு அர்ரேல (பட்டியல்ல) குவியல் நம்பர நிரப்பிட்டா தேடவே வேணாம். ஆனா லிமிட் 100 கோடின்னு இருந்தா மெமரி தாங்காது, அதனால மொதல்ல பைனரி சர்ச்சையே நல்லாப் பழகிக்கோங்க.

கத்துக்குட்டி_23:
9 போட்டுப் பாத்தேன், 3க்கும் பாத்தேன், ரெண்டுமே குவியல் 2ன்னு வந்துச்சு, சப்மிட் பண்ணேன், அக்செப்டட்! அடுத்து அந்த லோயர்_பவுண்ட நானே லூப் போட்டு எழுதப் போறேன், மாட்டிக்கிட்டா இங்கயே வந்து கேக்குறேன்.