ஊர்ல யாரும் பட்டினியா படுக்கக் கூடாது, எங்கருந்து ஆரம்பிக்கலாம்?

தூக்கணாங்குருவி:
வணக்கம் மக்களே. ஒட்டன்சத்திரம் பக்கம் எங்க ஊரு. வெல விழுந்தா தக்காளிய ரோட்டோரமே கொட்டிட்டுப் போறாங்க, அதே ஊர்ல தனியா கெடக்குற வயசானவங்க சில பேரு டீயும் பன்னும் வச்சே நாள ஓட்டுறாங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு. பசங்க சேந்து பஸ் ஸ்டாண்டு கிட்ட ஒரு ஃப்ரிட்ஜ் வச்சு மண்டபத்துல மிஞ்சுற சாப்பாட்ட அதுல போட்டா யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு ஐடியா. யாராச்சும் இத செஞ்சிருக்கீங்களா?

சமையக்கட்டு:
தம்பி, ஃப்ரிட்ஜ் வாங்குறது ஈசி. கரண்டு பில்லு யாரு கட்டுறது, தெனமும் யாரு தொடைக்கிறது, ஊசிப்போனத யாரு எடுத்துக் கொட்டுறது? எங்க ஏரியால வச்சது இப்ப பூட்டுப் போட்டுக் கெடக்கு. மண்டபத்துல பந்தி முடிய மணி மூணாயிடும், தேங்கா போட்ட பொரியல், கூட்டெல்லாம் வெயில்ல சீக்கிரம் கெட்டுரும், சூடாவே கொண்டுபோய் உடனே குடுத்துரணும். இன்னொண்ணு, ஆடி மார்கழில முகூர்த்தமே கெடையாது. அந்த ரெண்டு மாசம் வயிறு சும்மா இருக்குமா?

மல்லிகா அக்கா:
நான் சொல்றது யாருக்கும் புடிக்காது, இருந்தாலும் சொல்றேன். அரிசி கார்டு இருந்தா 2011லருந்து ரேஷன் கடைல அரிசி சும்மாவே கெடைக்குது, ரொம்ப ஏழைங்களுக்குத் தர்ற அந்தியோதயா கார்டுக்கு மாசம் 35 கிலோ. அப்புறமும் ஏன் பட்டினின்னு வீடு வீடா போய் கேளுங்க. கடைக்கு நடக்க முடியல, மெஷின்ல கைரேக விழ மாட்டேங்குது, வாங்கிட்டு வந்தாலும் பொங்கித் தர ஆளில்ல, இப்படித்தான் பதில் வரும். போக முடியாதவங்க வேற ஒருத்தர வச்சு வாங்குறதுக்கு ஃபாரம் இருக்கு, கடையிலயே கேளுங்க. வயசானவங்களுக்கு வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, இவங்க பேரு அந்த லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க. பிள்ளைங்க விஷயத்துல, 2022ல ஸ்கூல்ல வந்த காலை உணவு ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்குந்தான். ஆறாப்புக்குப் போற புள்ள வெறும் வயித்தோட கெளம்புதான்னு அதையும் விசாரிங்க.

மில்லுக்காரன்:
அக்கா சொன்னதோட ஒண்ணு. மில்லுல வேல செய்ற பீகார், ஒடிசா ஆளுங்கள விட்ராதீங்க. அவங்க ஊரு கார்ட வச்சே இங்க ரேஷன் வாங்கலாம், ஒரே நாடு ஒரே ரேஷன் 2020லயே நம்ம ஸ்டேட்டுக்கு வந்துருச்சு. பாதிப் பேருக்குத் தெரியாது, கடைல அலட்சியமா பதில் சொன்னா திரும்பிப் போயிடுறாங்க. ஹிந்தி தெரிஞ்ச பையன் ஒருத்தன் முதல் தடவ கூடப் போனா போதும்.

தூக்கணாங்குருவி:
ரொம்ப நன்றிக்கா, அண்ணே. அப்ப ஃப்ரிட்ஜ் காச நிறுத்தி வச்சிட்டு ஞாயித்துக்கெழம லிஸ்ட் எடுக்கப் போறோம். பொங்கித் தர ஆளில்லாதவங்களுக்கு மட்டும் என்ன பண்றதுன்னு புரியல.

மல்லிகா அக்கா:
பிடி அரிசி கேள்விப்பட்டிருப்பியே, ஒல வைக்கும்போது ஒரு பிடி தனியா எடுத்து வைக்கிறது. எங்க தெருவுல அப்படிச் சேக்குறோம், மகளிர் குழுல ரெண்டு பேரு மத்தியானம் மட்டும் பொங்குறாங்க, அவங்களுக்கு கூலி குடுத்துருவோம், ஓசில வாங்குனா நெறைய நாள் ஓடாது. தக்காளிய மார்க்கெட்டுல கொட்றதுக்கு முன்னாடியே கமிஷன் மண்டில சொல்லி வச்சிரு, ரெண்டு கூடை ஒதுக்கித் தருவாங்க. எத்தன பேருன்னு எண்ணிட்டு வந்து சொல்லு, அளவு சொல்றேன்.