ஜேசானில் பெரிய எண்ணின் கடைசி இலக்கம் மாறுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மூன்று வாரமாக ஜேசான் (JSON, புரோகிராம்கள் தகவலை எழுத்தாகப் பரிமாறும் வடிவம்) படிக்கிறேன். கடைசி உறுப்புக்குப் பின் கமா வரக்கூடாது, ஒற்றை மேற்கோள் செல்லாது, கமென்ட் எழுத முடியாது என்பதெல்லாம் எரர் வாங்கி வாங்கியே மனதில் பதிந்துவிட்டது. அதிலெல்லாம் ஜேசானைப் படித்து மதிப்புகளாக மாற்றும் பார்சர் உடனே சொல்லிவிடும். இப்போது மாட்டியிருப்பது சத்தமில்லாத தவறு.

சித்தப்பா கடைக்கு ரசீதுப் பக்கம் செய்கிறேன். சர்வரிலிருந்து ரசீது எண் 9007199254740993 என்று வருகிறது. பிரவுசரின் நெட்வொர்க் டேபில் சர்வர் அனுப்பிய ரெஸ்பான்ஸைத் திறந்து பார்த்தேன், சரியாகவே இருக்கிறது. பார்ஸ் செய்ததும் 9007199254740992 ஆகிவிடுகிறது! ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும் என்று பிறகுதான் தெரிந்தது.

எண்ணை மேற்கோளுக்குள் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, அனுப்புவதே முறை. ஆனால் சர்வர் வேறொருவர் பொறுப்பில் இருக்கிறது, மாற்ற நாளாகும் என்கிறார். பார்ஸ் செய்யும்போது ஒவ்வொரு மதிப்பையும் மாற்ற இடம் தரும் ரிவைவர் ஃபங்ஷனும் போட்டுப் பார்த்தேன். அதன் கைக்கு வரும்போதே மதிப்பு மாறிவிட்டிருக்கிறது.

பார்ஸ் செய்வதற்கு முன் ரெஜெக்ஸால் (எழுத்துகளை வடிவம் வைத்துத் தேடி மாற்றும் முறை) மேற்கோள் சேர்த்தால் வேறெங்காவது உடையுமா? பெரிய எண்களைப் படிக்கும் லைப்ரரி யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா? கடையில் இருப்பது பழைய கம்ப்யூட்டர், அதன் பிரவுசரிலும் ஓட வேண்டும். தப்பான எண்ணோடு ஒரு ரசீதுகூட வாடிக்கையாளர் கைக்குப் போகக்கூடாது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.