ஹோண்டா சிவிக் இகே-ல டி16 இன்ஜினை தூக்கிட்டு பி16 இன்ஜின் போடலாமா, இல்ல நேரா கே20-க்கே போயிடலாமா?

மூணாவதுகியர்:
வணக்கம் மக்களே. வண்டி 98 மாடல் சிவிக் இகே, உள்ள இருக்கறது டி16ஒய்7, 106 ஹெச்பி. பாடி சுத்தம், துரு கிடையாது, ஆனா இன்ஜின் ஆயில் குடிக்க ஆரம்பிச்சிருச்சு, ஒரு சிலிண்டர்ல கம்ப்ரஷனும் இறங்கிருச்சு. எப்படியும் பிரிக்கத்தான் போறோம், அப்புறம் எதுக்கு இதுக்கே பிஸ்டன் ரிங்குன்னு செலவு பண்ணிக்கிட்டு, பெருசா ஒண்ணு போட்டுடலாம்னு யோசிக்கிறேன். ஒருத்தர் பி16ஏ2 தர்றேங்கறார், வெறும் இன்ஜின் மட்டும்தான், கியர்பாக்ஸ் இல்ல. என் பழைய கியர்பாக்ஸ்லயே மாட்டிக்கலாம்ல? இல்ல இன்னும் கொஞ்சம் காசு சேத்து கே20ஏ2 பாக்கட்டுமா? டெய்லி ஓட்டுற வண்டி, ரேஸ் எல்லாம் இல்ல, லீவு நாள்ல மலை ரோடு ஏறுவேன் அவ்ளோதான்.

நட்டுபோல்ட்டு:
ப்ரோ அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. டி சீரிஸ் கியர்பாக்ஸ் பி சீரிஸ் பிளாக்ல உக்காராது, போல்ட் ஓட்டையே சேராது. அப்போ ஹைட்ராலிக் கிளட்ச்சுக்கான பி சீரிஸ் கியர்பாக்ஸ் வேணும், அது வந்தா கியர் லிங்கேஜ் மாறும், டிரைவ் ஷாஃப்ட் மாறும் (94-01 ஹோண்டா இன்டக்ரா வண்டியோட ஷாஃப்ட், கூடவே அந்த நடு ஷாஃப்டும்), மவுண்ட்ல போஸ்ட் பிராக்கெட், பின்னாடி டி-பிராக்கெட்டு எல்லாம் தேடணும். இதை ஒண்ணொண்ணா வாங்கினா இன்ஜின் விலைய தாண்டிரும். முழு செட்டா, முடிஞ்சா மோதின வண்டியாவே வாங்குங்க, ஒரு சின்ன கிளாம்ப் வரைக்கும் அதுலயே கிடைக்கும், வேலை முடிஞ்சதும் மிச்சத்தை வித்துடலாம்.

ஒயரிங் பயப்படுற அளவுக்கு இல்ல. ஒய்7-ல விடெக் (அதிக ஆர்பிஎம்-ல வால்வை கூடுதலா திறக்கற ஹோண்டா முறை) கிடையாதுல்ல, அதனால விடெக் சோலனாய்டு, அதோட பிரஷர் ஸ்விட்ச், நாக் சென்சார் (இன்ஜின் தட்டுறதை கண்டுபிடிக்கறது) இதுக்கெல்லாம் புதுசா ஒயர் இழுக்கணும். ஈசியு-வும் (இன்ஜினை கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) அந்த இன்ஜினுக்கு ஏத்ததா வேணும், பழைய ஈசியு-வை வச்சு ஸ்டார்ட் ஆகும் ஓடும், ஆனா விடெக் திறக்கவே திறக்காது, அப்புறம் எதுக்கு அவ்ளோ செலவு?

ரெட்லைன்8000:
எல்லாரும் ஹெச்பி-யவே பேசுறாங்க, டார்க்க (இழுவை விசைய) யாரும் பாக்கல. உங்க ஒய்7 சுமார் 140 நியூட்டன் மீட்டர், 4600 ஆர்பிஎம்-லயே வந்துரும். பி16ஏ2 160 ஹெச்பி-தான், ஆனா டார்க் 150 சொச்சம், அதுவும் 7000-ல. சிக்னல்ல எடுக்கும்போதும் ரெண்டாவது கியர்ல மெதுவா போகும்போதும் பெரிய வித்தியாசம் தெரியவே தெரியாது. விடெக் 5600 பக்கம் திறந்தப்புறம் ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கு நான் அடிமை, அது வேற கதை 😄 ஆனா டெய்லி அந்த ஆர்பிஎம்-க்கு எங்க போவீங்க?

கே20ஏ2 200 ஹெச்பி, 190-க்கு மேல டார்க். இன்டேக் கேம் டைமிங்கும் ஓடும்போதே மாறும், அதனால நடு ஆர்பிஎம்-லயே இழுவை இருக்கும். ஆயிரம் கிலோவுக்கு கொஞ்சம் மேல இருக்கற வண்டிக்கு அது வேற லெவல். என் ஓட்டு கே-க்குதான்.

கிரீஸ்கை:
ரெட்லைன் தம்பி சொல்ற டார்க் கணக்கு சரிதான், ஆனா கே போடுறதுல இருக்கற வேலைய சொல்லாம விட்டுட்டாரு. பழைய ஹோண்டா இன்ஜின் சுத்துற திசைக்கு கே எதிர்ப்பக்கம் சுத்தும். அதனால கியர்பாக்ஸ் பக்கமே மாறிடுது, மேனிஃபோல்டும் இன்டேக் முன்னாடி எக்ஸாஸ்ட் பின்னாடின்னு திரும்பிக்கும். மவுண்ட் கிட் இல்லாம உள்ளயே இறங்காது. கியர் லிங்கேஜ் கம்பி கிடையாது, கேபிள், லீவர் பாக்ஸே மாத்தணும். எக்ஸாஸ்ட், ரேடியேட்டர், பெட்ரோல் லைன், ஹைபிரிட் டிரைவ் ஷாஃப்ட்னு போய்க்கிட்டே இருக்கும். கே20ஏ2 வந்த அக்யூரா ஆர்எஸ்எக்ஸ் வண்டியோட ஈசியு-ல இம்மொபிலைசர் (திருட்டு தடுப்பு பூட்டு) வேற, ஹோண்டேட்டா கே-ப்ரோ மாதிரி டியூன் பண்ற ஈசியு ஒண்ணு போட்டு அதை அணைக்கணும். டெய்லி வண்டின்னா இன்னொண்ணு கேளுங்க, ஏசி! நிறைய பேரு கே போட்டதும் ஏசி-யையும் பவர் ஸ்டியரிங்கையும் கழட்டி வச்சுடுறாங்க, பிராக்கெட்டும் ஹோஸும் தனியா செய்யணும்னு. வெயில்ல ரெண்டு நாள் ஓட்டினா அந்த 200 ஹெச்பி மேல வெறுப்பு வந்துரும்.

எதைப் போட்டாலும் பிரேக்கை முதல்ல பண்ணுங்க. சாதா இகே-ல முன்னாடி 240 எம்எம் டிஸ்க், அது 106 ஹெச்பி-க்கே போதும் போதாதுன்னு இருக்கு, மலை இறங்கும்போது பெடல் மெத்துன்னு ஆகும். இன்டக்ராவோட 262 எம்எம்-ஐ நக்கிளோட (சக்கரத்தை தாங்குற பாகம்) சேத்து எடுத்து போடுங்க. பழைய ரப்பர் ஹோஸையும் அப்படியே விடாதீங்க.

மூணாவதுகியர்:
அண்ணே ஏசி விஷயம் யோசிக்கவே இல்ல, அதுலயே கே ஆசை பாதி போச்சு. அப்போ பி16 முழு செட்டு பாக்குறேன். ஓடாம கிடக்கற இன்ஜின்ல என்ன பாத்து வாங்கணும்?

கிரீஸ்கை:
ஆயில் மூடிய திறந்து அடியில பாருங்க, காபி கலர்ல குழம்பு மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு, திரும்பி வந்துருங்க. நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சு நிறம் பாருங்க, ஒண்ணு மட்டும் ஈரமா கருப்பா இருந்தா அந்த சிலிண்டர்ல சந்தேகம். பிளக் கழட்டின நிலையிலயே பேட்டரி கொடுத்து கிராங்க் பண்ணி கம்ப்ரஷன் எடுங்க, நம்பர் எவ்ளோங்கறதைவிட நாலும் பக்கத்து பக்கத்துல இருக்கான்னு பாருங்க. கியர்பாக்ஸ் ஆயிலை கொஞ்சம் வடிச்சு விரல்ல தேச்சா பித்தளைத் தூள் மினுக்கும், மினுக்கினா சிங்க்ரோ (கியர் சுலபமா விழ வைக்கற வளையம்) தேய்ஞ்சிருக்கு, விலைய குறைக்கலாம்.

நட்டுபோல்ட்டு:
+1. பிளாக்ல அடிச்சிருக்கற இன்ஜின் நம்பரை போட்டோ எடுத்துக்கோங்க, அந்த வண்டி பேப்பர்ல இருக்கற நம்பரோட ஒத்துப் போகணும். இன்ஜின் மாத்தினதை உங்க ரெஜிஸ்ட்ரேஷன்லயும் இன்சூரன்ஸ்லயும் ஏத்த முடியுமான்னு காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே விசாரிச்சுடுங்க, அப்புறம் பில்லு இல்லன்னு அலைய வேண்டாம்.