நடுவுல ஒரு தாள்: மேலிடத்துச் சேதி ஏதாவது இன்னும் உறுத்துதா?

கல்லாப்பெட்டி

ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம் திரும்பக் கிளறிவிட்டாங்க, அதான் இங்க இறக்கி வைக்கிறேன்.

கூட்டுறவு மொத்தப் பண்டகசாலை, சுயசேவைப் பிரிவு, நான் பில்லிங். ஞாயித்துக்கிழமை கடையைச் சாத்திட்டு எல்லாரும் தலைமை அலுவலக மாடிக்கு வரணும்னு குரூப்ல மெசேஜ். கூட்டுறவு வார விழாவுக்குக் கட்டின ஏழு கலர்க் கொடியை இன்னும் அவிழ்க்கக்கூட இல்ல. எம்.டி. வந்தார். கூட்டுறவுத் துறையிலேர்ந்து அயற்பணியில, அதாவது டெபுடேஷன்ல வந்தவர். கெட்ட மனுஷன் இல்ல, சொல்லிடறேன். கையில நாலஞ்சு தாள்.

விற்பனை படுத்துருச்சு, அரசு ஆபீசுகளுக்குக் கடனுக்குக் கொடுத்த எழுதுபொருளுக்குப் பணம் வரல, மூணு கிளையை மூடுறோம், யாரையும் வீட்டுக்கு அனுப்பல, ரேஷன் கடைக்கு மாத்துறோம். இவ்வளவும் முதல் ரெண்டு தாள்லயே முடிஞ்சுபோச்சு. அடுத்து ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினார். பின்னாடி நின்ன ஸ்டெனோ கையை நீட்டினார், இவர் லேசாத் தலையை ஆட்டினார், ஸ்டெனோ கையை எடுத்துக்கிட்டார். நாங்க எல்லாரும் பாத்தோம். வாயைத் திறந்தது ஒருத்தர்தான். 31 வருஷ சர்வீஸ் கட்டுநர் (சாமானை எடை போட்டுக் கட்டுறவர்), கடைசி வரிசை.

"அய்யா, நடுவுல ஒரு தாள் விட்டுட்டீங்க."

எம்.டி. அந்தத் தாள் மேல உள்ளங்கையை வச்சார். "அது உங்களுக்கு இல்லப்பா."

கோபமாச் சொல்லல. புள்ளைக்கு எட்டாத எடத்துல மருந்து பாட்டிலைத் தூக்கி வைக்கிற மாதிரி சொன்னார். அப்புறம் டீ, மிக்சர்.

கட்டுநர் ஓய்வு பெற்றாச்சு. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நல்லாருக்கீங்களான்னு நான் கேக்குறதுக்கு முன்னாடியே அவர் கேட்டார்: "அந்தத் தாள்ல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுதா?"

உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

பத்தாம் நம்பர் கடை

உங்களுக்காச்சும் மாடியும் மிக்சரும் கெடச்சுதுங்க. ரேசன் கடையில நிக்கற எங்களுக்கு எல்லாமே குரூப்ல வர்ற ஆடியோதான், அதும் ராத்திரி ஒம்பதரைக்கு மேல.

2023 பொங்கல் பரிசு. மொதல்ல வந்த ஆடியோ: ஆயிரம் ரூபா, ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சக்கரை, கரும்பு கெடையாது, கார்டுதாரர் கேட்டாப் பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. நானும் சொன்னேன். ஒரு வாரம் கூட ஆகலைங்க, முழுக்கரும்பு உண்டுன்னு அரசாங்கம் அறிவிச்சுருச்சு. அடுத்த ஆடியோவுல அதே கொரல், அதே நிதானம்: கரும்பு ஆறடிக்குக் கொறையக் கூடாது, கொறஞ்சா விற்பனையாளர்தான் பொறுப்பு. நேத்து வரைக்கும் இல்லைன்னு சொல்லச் சொன்னதப் பத்தி ஒரு வார்த்தை இல்லைங்க.

எங்க கடைக்கு வர்ற ஆத்தா ஒருத்தங்க பக்கத்து டைலர் கடையில டேப்பு வாங்கியாந்து, கியூ பூரா நிக்க வெச்சு, கரும்ப அளந்தாங்க. அஞ்சரையடி. "ஏனம்மிணி, கரும்பே இல்லைன்னயே. இப்பக் கரும்பு இருக்குது, அரையடியக் காணோமே?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். அது அவங்களுக்கு ஆகல போல. கரும்ப எங்கட ஷட்டர்ல சாத்தி வெச்சுட்டுப் போயிட்டாங்க.

மெசின்ல பில்லு போட்டாச்சு, பொருள் போகல. இருப்புல ஒரு கரும்பு சாஸ்தி. அத எந்தக் கணக்குல எழுதறதுன்னு குரூப்ல கேட்டேன், ஒருத்தரும் பதில் போடல. ஒரு வாரம் அங்கயே நின்னு காஞ்சுது. ஆத்தா அதுக்கப்பறம் ரேசனுக்குப் பேரனத்தான் அனுப்பறாங்க.

சாக்குமூட்டை

கரும்பு வருஷத்துக்கு ஒரு தரம். மாசா மாசம் வர்றதைச் சொல்லுங்க. "கட்டுப்பாடற்ற பொருள் விற்பனையில் உங்கள் கடை பின்தங்கியுள்ளது." அதாவது ரேஷன்ல சேராத டீத்தூள், உப்பு, சேமியா. கார்டுதாரர் வேண்டாம்னா நாம கைக்காசு போட்டு எடுக்கணும். எங்க வீட்டுல அந்த டீத்தூள் ஒரு அலமாரி நிறைய இருக்கு. விருந்தாளி யாரும் ரெண்டாவது தடவை வர்றதில்ல.

பழைய பேரேடு

நான் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் கதை சின்னது.

2023 தீபாவளி. மூன்று வருஷம் 10 சதவீதமாகக் கிடந்த போனஸ் அந்த வருஷம்தான் மறுபடி 20 ஆனது. எங்கள் செயலாட்சியர் (சங்கத்தை நடத்த அரசு போட்ட அதிகாரி) பணியாளர் கூட்டத்தில் "இருபது சதவீதம்" என்று அறிவித்தார், கைதட்டல். பக்கத்தில் இருந்த கட்டுநர் அம்மா போனில் கணக்குப் போட்டுக் காட்டினார். 14,000 சம்பளம், பன்னிரண்டு மாதம், அதில் 20 சதவீதம், 33,600. "சரிதானே சார்?" என்றார். மாதச் சம்பளம் எதுவானாலும் 7,000 என்று வைத்துத்தான் போனஸ் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். 16,800 என்று பட்டியல் தட்டச்சே ஆகி என் மேஜையில் இருந்தது. "பார்ப்போம்மா" என்று சொன்னேன். அன்று சாயங்காலமே மகள் தோட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார் என்று அப்புறம் தெரிந்தது. செயலாட்சியர் பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அது இருக்கட்டும். கல்லாப்பெட்டி தம்பிக்கு ஒரு யோசனை. அந்தத் தாளைப் பற்றி இரண்டு வருஷம் யோசித்ததற்குப் பதிலாக இரண்டு மனு போட்டிருக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் சங்கத்திடமே நேராகக் கேட்டால், நாங்கள் அதில் வரமாட்டோம் என்பார்கள். கேரளத்துச் சங்கம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-இல் கொடுத்த தீர்ப்பைக் காட்டுவார்கள். ஆனால் அதே தீர்ப்பிலேயே கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர் என்றும் இருக்கிறது, சட்டப்படி அவர் சங்கத்திடம் கேட்டு வாங்கக்கூடியதை நீங்கள் அவர் மூலம் கேட்கலாம். ஆகவே மனு துணைப்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகட்டும். கூட்டத்தில் பேசியது என்ன என்று கேட்காதீர்கள், பதில் வராது. தணிக்கை அறிக்கை நகல் கேளுங்கள், இருப்புக் குறைவு யார் யார் பேரில் எவ்வளவு என்ற பட்டியல் கேளுங்கள். 1983 தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் பிரிவு 81 என்றால் விசாரணை, பிரிவு 87 என்றால் தண்டத்தீர்வை, அதாவது இழப்பைப் பணியாளர் தலையில் கட்டி வசூலிப்பது. என் அனுபவத்தில் கூட்டத்தில் வாசிக்காமல் விடுகிற தாள் பெரும்பாலும் 87 சம்பந்தப்பட்டதுதான். வருங்கால வைப்புநிதிக் கணக்கையும் பார்த்துவிடுங்கள், பிடித்தம் செய்த பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று போனிலேயே தெரியும். பயிற்சிக் கல்லூரியில் இங்கிலாந்தில் ராக்டேல் கூட்டுறவுக் கடை 1844, 28 பேர், சென்னையில் திருவல்லிக்கேணிச் சங்கம் 1904 என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். கணக்கை உறுப்பினர் முன்னால் திறந்து வைப்பதும் அதே பாடத்தில்தான் இருந்தது. இன்னொன்று, மனுவை நேரில் கொடுக்க வேண்டாம், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் அனுப்புங்கள், நகல் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சை மை

பேரேடு ஐயா, 16,800 மேஜை மேல இருக்கும்போது "பார்ப்போம்மா"ன்னு சொன்னவர் மத்தவங்களை மனு போடச் சொல்றது கொஞ்சம் இடிக்குது. மனு போட்டா பதில் வர்றதுக்கு முன்னாடி மாறுதல் வரும், மலைக்கடைக்கு.

நான் அந்தப் பக்கம் நிக்கிற ஆள். ஸ்டெனோ. "அனைத்துப் பணியாளர்களுக்கும்"னு தொடங்குற எல்லாம் என் விரல் வழியாத்தான் போகுது. ஒரு கிளை மூடினப்ப எங்க அய்யா வாயால சொன்னதை அப்படியே அடிச்சேன்: "இந்த முடிவுக்காக நான் வருந்துகிறேன்." தாளை வாங்கிப் படிச்சார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்புறம் பச்சை மைப் பேனாவை எடுத்து "நான் வருந்துகிறேன்" மேல ஒரு கோடு, ஓரத்துல "ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்". கேட்டுக்கிறது யாரு? ஆளே இல்ல. "நான்னு எழுதினா அது ஃபைல்ல நிக்கும்யா"ன்னார்.

அடிச்சு முதல்ல எடுத்த தாள் இன்னும் என் டிராயர்லதான் இருக்கு. கிழிச்சுப் போடணும்னு தினமும் நினைக்கிறேன்.

பழைய பேரேடு

இடிக்கத்தான் செய்கிறது. அதனால்தான் எழுதினேன்.

சங்கக்கடை

நான் யாழ்ப்பாணம், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளை. 2022, சாமான் ஒண்டும் இல்லாத காலம். மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் சனம் விடியமுன்னம் வந்து நிக்கும். தலைவர் எங்களைக் கூப்பிட்டவர். பெற்றோல் இல்லை, சைக்கிளில வந்தவர், சேட்டெல்லாம் வேர்வை. கணக்குக் கொப்பியைக் கவுண்டரில விரிச்சு வச்சிட்டு, "பிள்ளையள், ரெண்டு மாசச் சம்பளத்துக்குத்தான் காசு காணும், நீங்களே பாருங்கோ" எண்டார்.

நாங்கள் ஏழு பேர். ஒருத்தரும் கிட்டப் போகேல்லை. அவர் கொப்பியை எங்கட பக்கம் திருப்பிக்கூட வச்சவர். நான் அவற்றை சைக்கிள் கிளிப் போட்ட காலைப் பாத்துக்கொண்டு நிண்டன். ஏன் பாக்கேல்லை எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.

சாக்குமூட்டை

கொப்பியை விரிச்சு வச்சாச் சம்பளம் வந்துருமா?

சங்கக்கடை

வரேல்லை. மூண்டாம் மாசம் பாதிதான் தந்தவை. மிச்சம் பிறகு தந்தவை. நான் அதையோ எழுதினனான்?

பத்தாம் நம்பர் கடை

விடுங்க அண்ணா, அவரு சொன்னதுல டீத்தூளே இல்லைங்க, நீங்க எதுக்குச் சண்டைக்குப் போறீங்க.

கல்லாப்பெட்டி

பச்சை மை சாருக்கு ஒரு கேள்வி. நீங்க எந்த மாவட்டம்?

பச்சை மை

அதை மட்டும் கேக்காதீங்க. உங்க தாள் எங்க ஆபீஸ் தாள் இல்லன்னு வச்சுக்குங்க. ஆனா எங்க அய்யாவும் ஒரு கூட்டத்துல ஒரு தாளை விட்டார். அதுல பேரும் தொகையும் மட்டும்தான் இருந்துச்சு. அத்தனை பேர் நடுவுல வாசிச்சா அசிங்கமாயிரும்னு விட்டார், தனித்தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்னு. அப்புறம் அவருக்கு மாறுதல் வந்துருச்சு, புதுசா வந்தவர் நேரா வசூலுக்குப் போயிட்டார்.

கல்லாப்பெட்டி

இப்பத்தான் கட்டுநருக்குப் போன் பண்ணேன். பணிக்கொடையில ஒரு தொகை பிடிச்சுட்டுத்தான் கொடுத்தாங்களாம். காகிதத்துல "காலிச் சாக்கு வகை"ன்னு ஒரே ஒரு வரி. எதுக்குன்னு கேட்டதுக்கு, பழைய பாக்கி, முன்னாடியே தெரிவிச்சாச்சுன்னு சொன்னாங்களாம். எங்க தெரிவிச்சாங்கன்னுதான் அவர் இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டிருக்கார் போல. என்கிட்ட இதை ஒரு தடவை கூடச் சொன்னதில்ல.

பேரேடு ஐயா, அவர் பேர்ல அந்த மனுவை எழுதணும். பணிக்கொடை காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். அவர்கிட்ட பட்டன் போன்தான், பேரன் ஸ்கூல் விட்டு வந்து எடுத்து அனுப்புவான்.