புதுப்பிப்பு: வேர்டு கோப்பில் மங்கிய தாராசுரம் படங்கள்

கும்பகோணத்தில் எங்கள் பள்ளி ஆண்டு மலருக்காக வேர்டில் சேர்த்த தாராசுரம் கோயில் சிற்பப் படங்கள் அச்சில் மங்குவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

கோப்பைச் சேமிக்கும்போதே வேர்டு படங்களைச் சுருக்கிவிடுகிறது. வழக்கமான அளவு அங்குலத்துக்கு 220 பிக்சல். அச்சகத்தார் கேட்பதோ 300. ஆகவே 6 அங்குல அகலப் படத்துக்கு 1800 பிக்சல் வேண்டும். அமைப்புகளில் படச் சுருக்கத்தை நிறுத்தினோம். ஆனால் ஏற்கெனவே சுருங்கிய படம் அதனால் மீளாது. மூலப் படத்தையே மறுபடி செருக வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தவற்றையும் (அதுவும் சுருக்கித்தான் அனுப்புகிறது) ஒதுக்கிவிட்டு, ஆவணமாக அனுப்பச் சொல்லி வாங்கினோம்.

புதிய மாதிரி அச்சில் தேர்ச்சக்கரத்தின் ஆரங்கள்கூடத் துல்லியம்! பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி. வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.