இடப்பெயர்ச்சிப் பாடத்துக்கு மைதானம் எதற்கு?

கரும்பலகை:
தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம் என்றாலே பிள்ளைகளை வெளியே ஓடவிட வேண்டும் என்பது இப்போது ஒரு மோகமாகிவிட்டது. எனக்கு உடன்பாடில்லை. கிழக்கே 3 மீட்டர், பிறகு வடக்கே 4 மீட்டர். நடந்த தொலைவு 7. இடப்பெயர்ச்சி, அதாவது புறப்பட்ட இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேர்கோட்டில், 5. பலகையில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை. மைதானத்தில் வரிசையில் நிறுத்தவே பாதி வகுப்பு போய்விடும். யார் முதலில் ஓடி வந்தார் என்பதுதான் பிள்ளைகளின் நினைவில் நிற்கும்.

அளவுநாடா:
ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு முடிந்துவிடுகிறது ஐயா, பிள்ளைக்கு? அதே வகுப்பில், 400 மீட்டர் ஓடுபாதையை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தால் இடப்பெயர்ச்சி எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். முக்கோணம் அங்கே கைகொடுக்காது.

நான் இரண்டு கயிறுகளை எடுத்துக்கொள்வேன். ஒன்றை, நடப்பவர் தன் காலடித் தடத்தை ஒட்டித் தரையில் விட்டுக்கொண்டே போக வேண்டும். மற்றொன்றின் ஒரு முனை அவர் இடுப்பில். புறப்பட்ட இடத்தில் நிற்பவர் அதைத் தொய்யாமல் விட்டும் இழுத்தும் பிடிக்க வேண்டும். வளைந்து வளைந்து நடக்க நடக்கத் தரைக் கயிறு நீண்டுகொண்டே போகும். கைக்கயிறோ நீளும், குறையும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டால் முழுவதும் கைக்குள் வந்துவிடும். "அப்படியானால் நான் நகரவே இல்லையா?" என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அதற்குத்தானே இத்தனை பாடு!

கரும்பலகை:
கயிறு நீளத்தைக் காட்டும், சரி. "5 மீட்டர்" என்று மட்டும் எழுதினால் அது இடப்பெயர்ச்சி ஆகாதே, திசை எங்கே? வேகம் இன்னும் மோசம். 10 மீட்டர் ஓட்டத்தை ஒருவர் 2.5 நொடி என்பார், இன்னொருவர் 2.2 என்பார். ஒரே ஓட்டத்துக்கு நொடிக்கு 4 மீட்டர், 4.5 மீட்டர் என இரண்டு விடை. இயற்பியல் என்றால் குத்துமதிப்பு என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.

கடைசிப்பெஞ்சு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஓட முடியாத பிள்ளைகளை இருவருமே மறந்துவிட்டீர்கள். சாய்த்து வைத்த பலகையில் பந்தை உருட்டி, நொடிக்கு ஒருமுறை தாளம் தட்டி, பந்து இருக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போடலாம். கோடுகளுக்கு இடையிலான வெளி ஏறக்குறைய 1, 3, 5 என்ற விகிதத்தில் விரியும். கலிலியோ கண்ட கணக்கு இது. சராசரி வேகம் வேறு, அந்தந்தக் கணத்தின் வேகம் வேறு என்று சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அளவுநாடா:
பந்து யோசனை அருமை, எடுத்துக்கொள்கிறேன். ஐயா, திசைக்குத்தான் திசைகாட்டி இருக்கிறதே. உங்கள் முக்கோணத்திலேயே கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 53 பாகை என்று வைத்துப் பார்க்கலாம். கடிகாரப் பிழைக்கு ஓட்டத்தை நடையாக்கி, தொலைவைக் கூட்டினால் போதும். 20 மீட்டர் நடக்க 15 நொடி ஆகும் என்றால் 0.3 நொடிப் பிழை வெறும் 2 விழுக்காடு. குறுகிய ஓட்டத்தில் அது ஏன் அவ்வளவு பெரிதாகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கரும்பலகை:
கயிறு வரைக்கும் வருகிறேன். ஆனால் கயிற்றைச் சுருட்டியதும் 1 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவுத்திட்டப் படம் வரையவைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மணி அடித்ததும் கலைந்துபோகிறவர்களோடுதான் என் வழக்கு.

அளவுநாடா:
அதற்குத்தான் இரண்டு பாடவேளை சேர்த்துக் கேட்கிறேன். கால அட்டவணை போடுகிறவரிடம் உங்கள் வழக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.